ஆர் ஓம் எண்டு அமத்தினது?

"ஓம் எண்டு குடுத்தால் பிறகு ஆர் தம்பி பொறுப்பு?" என்று கந்தோர் அக்கா கணினித் திரையில் வந்த கேள்விப் பெட்டியைக் காட்டிக் கேட்டபோது நான் சிரித்தேன். "வாசிக்கத் தேவையில்லை அக்கா, அமத்துங்கோ."

காலபோக விதைநெல் பட்டியல் முழுக்கப் பாமினியில் கிடந்தது. அது ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு. லிப்ரே ஆபிஸ் கல்க் என்ற அட்டவணை மென்பொருளுக்குள் பைதான் மொழியில் எழுதிய நிரல் ஓடும். பாமினி எழுத்துரு உள்ள கட்டங்களை யூனிகோடாக மாற்றுவதற்கு ஒரு பொத்தான் செய்தேன். நிரலை அந்தந்தக் கணினியின் பயனர் கோப்புறையில் வைத்திருந்தால் கேள்வியே வராது. ஆனால் கோப்பு பென்டிரைவில் முல்லைத்தீவுக்கும் போகவேண்டும், அதனால் ஆவணத்துக்குள்ளேயே வைத்தேன். இப்படிக் கோப்புக்குள் ஓடும் நிரலை மேக்ரோ என்பார்கள்; அதற்கான பாதுகாப்பையும் ஒரு படி இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து, இயக்கவா என்று கேட்கும். 1999இல் மெலிசா வைரஸ் வேர்ட் மேக்ரோவாகத்தான் மின்னஞ்சலில் பரவியது. அந்தப் பயத்தில் கேட்கிற கேள்வி. எனக்கு அது வெறும் தொல்லை.

பிழைத்தது அடையாள அட்டை இலக்கத்தில். பழைய அட்டையில் 9 இலக்கம், கடைசியில் ஆங்கில 'வி'. பாமினியில் அந்த விசை 'ஏ' என்று தெரியும். சில வரிகளில் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றாமலே அடித்திருந்தார்கள். அந்த 'ஏ' உண்மையில் 'வி' என்று கந்தோரில் எல்லாருக்கும் தெரியும், என் நிரலைத் தவிர. அது உள்ளே 'வி'யாக இருந்ததை நிசமான 'ஏ' ஆக்கிவிட்டது. மேலிடத்தில் இருந்த பட்டியலோடு 17 பேர் பொருந்தவில்லை. 12 இலக்கப் புது அட்டைக்காரர் தப்பினார்கள்.

திருத்த இரண்டு வரி போதும். மூலக் கோப்பும் கையில் இருந்தது. நெல் ஒரு கிழமைதான் பிந்தியது என்று சொல்லிக்கொள்கிறேன். மழை விழுந்த பிறகு ஒரு கிழமை என்றால் என்னவென்று வயல்காரன் மகனுக்குத் தெரியாதா?

பெரியவர் கேட்டபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சேர் ஓம் எண்டு குடுத்தனான்." நான் வாய் திறக்கவில்லை. பொய்யில்லைத்தானே, அமத்தினது அவதான். ஆனால் வாசிக்கவேண்டாம் என்று சொன்னது நான். அவ கேட்டதும் அதைத்தானே?

இப்போது பொத்தானை அழுத்தினால், எத்தனை கட்டம் மாறும், எந்தெந்த நெடுவரிசை என்று தமிழில் காட்டி, சரியா என்று கேட்கும்படி செய்திருக்கிறேன். அக்கா அதை முழுக்கச் சத்தமாக வாசிப்பா. வாசித்து முடித்துக் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டுக் கூப்பிடுவா: "தம்பி, வந்து நீங்களே அமத்துங்கோ."