லிங்கன் நினைவகம், 1:150 – தூண்கள் நின்றாயிற்று

வாஷிங்டன் நகரத்து லிங்கன் நினைவகத்தை 150-இல் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால், பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஏன், நம்ம கன்னியாகுமரி விவேகானந்தர் மண்டபம் இருக்கிறதே, அதைச் செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் அதில் இருக்கிற சிற்ப வேலைக்கு என் கை இன்னும் பழகவில்லை. லிங்கன் நினைவகம் என்றால் ஒரு பெட்டி, சுற்றிலும் தூண், மேலே இன்னொரு சின்னப் பெட்டி. புகைப்படத்தில் பார்க்க அவ்வளவுதான். அளவெடுக்க உட்கார்ந்தால்தான் தெரிகிறது, நிமிர்ந்து நேராக நிற்பதாகத் தெரிகிற அந்தத் தூணும் சுவரும் உண்மையில் நேராக இல்லை என்று.

முதலில் கணக்கு. அசல் கட்டடம் கிட்டத்தட்ட 190 அடி நீளம், 118 அடி அகலம், 99 அடி உயரம். 150-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 செ.மீ., 24 செ.மீ., 20 செ.மீ. சாப்பாட்டு மேசையின் பாதியை அடைக்கும், ஆனால் அலமாரிக்குள் போகும். தூண் 44 அடி, அடிப்பக்கம் ஏழரை அடி விட்டம். எனக்கு 9 செ.மீ. உயரமும் 15 மி.மீ. விட்டமும். இதைவிடச் சின்ன அளவுக்குப் போனால் தூணில் ஓடும் நெடுக்குப் பள்ளங்கள் வெறும் கீறலாகிவிடும், அதனால்தான் 1:150.

அடித்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசலில் பாதி வேலை அங்கேதான் நடந்தது. 1914 பிப்ரவரி 12, லிங்கனின் பிறந்த நாளில் வேலையைத் தொடங்கினார்கள். அந்த இடம் பொட்டோமாக் ஆற்றைத் தூர்வாரிய சேற்றைக் கொட்டி மேடாக்கிய நிலம். தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலைத் தூர்த்துக் கட்டியதைப் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சேற்றின் மேல் அத்தனை கல்லை ஏற்ற முடியாது என்று கான்கிரீட் தூண்களைக் கீழே பாறை வரைக்கும், 44 முதல் 66 அடி ஆழத்துக்கு இறக்கினார்கள். அப்புறம் சுற்றிலும் மண்ணை நிரப்பி, 14 அடி உயரக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி, கீழே நடந்த வேலை வெளியே தெரியாதபடி மூடிவிட்டார்கள். கட்டடத்துக்கு அடியில் இன்றும் குகை மாதிரி ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது.

என் சேறு பினாங்கு ஈரப்பதம். அடிப்பலகைக்கு ஒட்டுப்பலகை வெட்டினேன். கீழ்மாடியில் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடிச்சா மறுபக்கம் ஈரம் குடிச்சு வளைஞ்சிடும் தம்பி, ரெண்டு பக்கமும் அடி, ஓரத்தையும் விடாதே” என்றார். ஓரத்தை நான் யோசிக்கவே இல்லை, உண்மையில் ஈரம் உள்ளே போவது அந்த வெட்டு முனை வழியாகத்தான். அடியில் குறுக்குச் சட்டங்களும் வைத்தேன். மழைக்காலம் தாண்டிவிட்டது, பலகை இன்னும் சமமாக நிற்கிறது.

சரி, தூணுக்கு வருவோம். சுற்றிலும் 36, வாசலுக்குள் தள்ளி இன்னும் 2. லிங்கன் இறந்தபோது அமெரிக்காவில் 36 மாநிலங்கள், அதனால் அந்த 36. நீளப் பக்கத்தில் 12, அகலப் பக்கத்தில் 8. மூலைத் தூண்களை இரண்டு முறை எண்ணாமல் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஒவ்வொன்றையும் தனியாகச் செதுக்குவது நடக்காத காரியம், அதனால் ஒரு மூலத் தூணை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் (3D பிரிண்டர்) எடுத்து, அதை வைத்து சிலிக்கோனில் வார்ப்பு அச்சு செய்து, வார்த்தேன். அச்சு இயந்திரத்திலிருந்து வரும் தூணில் படிப்படியாகக் கோடு இருக்கும், அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் எல்லாத் தூணிலும் அதே கோடு வரும். பள்ளத்துக்குள் விரல் போகாது. சாத்தே இறைச்சி கோக்கும் மெல்லிய குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன், அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

வார்க்கப் பயன்படுத்தியது சாதாரண பிளாஸ்டர் இல்லை, பல் மருத்துவத்தில் பல் மாதிரி வார்க்கும் டென்டல் ஸ்டோன். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு பள்ளங்கள் சந்திக்கும் அந்தக் கூர்மையான விளிம்பு பிளாஸ்டரில் தொட்டாலே உதிரும், இதில் நிற்கும். 100 கிராம் தூளுக்கு 30 மில்லி தண்ணீர், அதற்கு மேல் ஊற்றினால் எளிதாக ஓடும் ஆனால் காய்ந்த பிறகு பலம் இருக்காது. தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை அல்ல. தூணின் தடித்த பக்கம் மேலே இருக்கும்படி அச்சை நிறுத்தி, ஒரு ஓரமாக நூல் மாதிரி மெல்ல ஊற்றிக்கொண்டே மேசையின் அடிப்பக்கத்தைத் தட்டினால் குமிழி எல்லாம் மேலே வந்துவிடும். காய வைக்க ஓவன் அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்; இதுவும் ஜிப்சம்தான், சூடு கூடினால் அதற்குள் கட்டுண்ட நீரே வெளியேறி, கல் மாவாகிவிடும். காற்றாடி போதும், பொறுமையும் வேண்டும்.

அசல் தூண்கள் ஒரே கல் கிடையாது, உருளை உருளையாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. அதனால் ஈரம் காய்வதற்குள் பிளேடால் சுற்றிலும் மெல்லிய மூட்டுக்கோடு கீறினேன். இது இல்லாவிட்டால் திருமண மண்டபத்து ஃபைபர் தூண் மாதிரி இருக்கும்.

அப்புறம் நிறுத்துவது. வடிவமைப்பாளர் ஹென்றி பேக்கன் தூண்களையும் வெளிச்சுவர்களையும் லேசாக உள்பக்கம் சாய்த்திருக்கிறார். பழைய கிரேக்கர்கள் ஏதென்ஸ் பார்த்தெனான் கோயிலில் செய்த அதே வேலை. நேர்க்குத்தாக நிறுத்தினால் நம் கண்ணுக்கு மேல்பகுதி வெளியே பிதுங்குவது போலத் தெரியுமாம். புத்தகத்தில் படிப்பது வேறு, எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு துண்டுப் பலகையில் நாலு தூண்களை மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்தினேன், பக்கத்தில் இன்னொரு நாலு தூண்களுக்கு வெளி விளிம்பின் அடியில் சாதாரண வெள்ளைத்தாளை இரண்டாக மடித்துச் செருகினேன். அந்த மடிப்பின் தடிமன் 0.2 மி.மீ. இருக்கும், அதனால் தூணின் உச்சி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே வரும். கைப்பேசியைப் படிக்கட்டு மட்டத்தில் படுக்க வைத்துப் படம் எடுத்தால் வித்தியாசம் அப்பட்டம்: நேராக நிறுத்தியது வாய் திறந்த பெட்டி போல விரிகிறது, சாய்த்தது அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அசலின் சாய்வு இவ்வளவு இருக்காது, மாதிரியில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் கண்ணுக்கு எட்டும் என்பது என் கட்சி. மூலைத் தூணுக்கு மட்டும் காகிதத்தைக் கோணமாக, வெளி மூலையில் வைக்க வேண்டும், அது இரண்டு பக்கமும் சாய வேண்டுமே. சாய்ந்த தூணின் தலையும் சாய்ந்துதான் இருக்கும், மேல் உத்தரம் அதில் உட்காராது. ரசமட்டக் கட்டையின் அடியில் உப்புத்தாளை ஒட்டி, வரிசையாக எல்லாத் தலைகளின் மேலும் ஓட்டி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.

வெள்ளைக் கட்டடம் என்று நினைத்து ஒரே வெள்ளை அடித்தால் கெட்டது. வெளியே கொலராடோ பளிங்கு, தடுப்புச் சுவர் மாசசூசெட்ஸ் கருங்கல், உள்சுவர் இந்தியானா சுண்ணாம்புக்கல், தரை டென்னசியின் இளஞ்சிவப்புப் பளிங்கு, சிலை ஜார்ஜியா வெள்ளைப் பளிங்கு. ஊருக்கு ஒரு கல், பிளந்து போன நாட்டை ஒட்ட வைத்தவருக்கு எல்லா ஊர்க் கல்லையும் சேர்த்துக் கட்டியது எனக்குப் பிடித்த விஷயம். தரைக்கு, சிமெண்டுத் தரையில் போடும் சிவப்புச் சாயத்தூளைக் கத்தி முனையில் எடுத்து டென்டல் ஸ்டோனில் கலந்தேன். ஹார்ட்வேர் கடைக்காரர் ஒரு கிலோவுக்குக் குறைந்து தர மாட்டேன் என்றதால் இன்னும் பத்து நினைவகத்துக்குச் சாயம் வீட்டில் இருக்கிறது.

இதுவரை செய்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் கொடுத்தது கூரை. அசலில் அலபாமா பளிங்கை மெல்லிய பலகையாக அறுத்து, பாரஃபின் மெழுகில் ஊற வைத்து மேலே பதித்திருக்கிறார்கள், வெளிச்சம் ஊடுருவி உள்ளே இறங்குவதற்காக. வடை சுற்றின காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் எப்படித் துலங்குகிறதோ அதே தத்துவம்தான்: துளைகளில் இருக்கும் காற்று போய் மெழுகு நிரம்பினால் ஒளி சிதறுவது குறையும். நான் வரைதாளை உருகிய மெழுகுவர்த்தியில் தோய்த்து, சூடாக இருக்கும்போதே இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். மேலே மஞ்சள் எல்இடி பட்டை. பளிங்கே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு வந்தது.

மிச்சம் இருப்பது சிலையும் எழுத்தும். அசல் சிலை 19 அடி, டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் வடிவமைத்தது, பிச்சிரிலி சகோதரர்கள் 28 கற்களில் செதுக்கிச் சேர்த்தார்கள். எனக்கு 4 செ.மீ.கூட வராது. இப்போதைக்குக் களிமண்ணில் ஒரு உருவம் உட்கார வைத்து வெளிச்சத்தைப் பார்த்தேன். 1922-இல் திறந்தபோது தரையில் பட்டுத் தெறித்த பகல் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் விழுந்து, லிங்கன் திடுக்கிட்டவர் போலத் தெரிந்தாராம், பிற்பாடுதான் மேலே மின்விளக்குகள் வைத்துச் சரிக்கட்டினார்கள். என் களிமண் ஆளுக்கும் அதே கதி, வாசல் வழியாக டார்ச் அடித்தால் பேய் பார்த்தவர் மாதிரி முழிக்கிறார், கூரை விளக்கைக் கூட்டினால் சாந்தமாகிறார். அதனால் எல்இடிக்கு ஒளி கூட்டிக் குறைக்கும் பொத்தான் ஒன்று வாங்க வேண்டும்.

சுவரில் செதுக்கிய எழுத்தை டிகால் தாளில் (நனைத்து ஒட்டும் படத்தாள்) அச்சடிக்கப் போகிறேன். வடக்குச் சுவரில் ஒரு இடத்தில் ஆங்கில எஃப் (F) வர வேண்டியதைக் கல்தச்சர் ஈ (E) என்று செதுக்கிவிட்டார், கீழ்க்கோட்டை அடைத்து மறைத்தாலும் உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். இந்த அளவில் அது தலைமுடி தடிமன்கூட வராது. இருந்தாலும் அந்தக் கோட்டைச் சாம்பல் நிறத்தில் விடுவதாகத்தான் இருக்கிறேன்.