ஹாக் பண்ணையின் பத்திரத்தைத் தேடிப் பிடித்த விதம்

ஜெர்மனியின் பவேரியாவில் பழைய பண்ணை ஒன்று 17ஆம் நூற்றாண்டில் யார் யார் கைக்கு மாறியது என்று மியூனிக் ஆவணக் காப்பகத்தில் தேடுபவர்கள், ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு ஏடுகளைக் கேட்டால் நாள்தான் வீணாகும். அந்த ஊரின் வழக்குகளை விசாரித்தது யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைப் பத்திரங்களும் அந்த நீதிமன்றத்தின் பெயரிலேயே தொகுக்கப்பட்டிருக்கின்றன.

நான் தேடிய பண்ணை ஹாக் அருகே இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் பக்கத்து ஊரான வாசர்பர்க்கின் நீதிமன்ற ஏட்டைத்தான் கை தேடும். ஆனால் ஹாக், பவேரியாவுக்கு அல்ல, புனித ரோமப் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட சிற்றாட்சியாக இருந்தது. 1566இல் அதன் கடைசிப் பிரபு லாடிஸ்லாஸ் ஆண் வாரிசின்றி இறந்தார். பேரரசரிடம் முன்பே வாக்குறுதி பெற்றிருந்த பவேரிய டியூக் ஐந்தாம் ஆல்பிரெக்ட் அதை எடுத்துக்கொண்டார். எடுத்தாரே தவிர, கரைத்துவிடவில்லை. தனிப்பெயரோடு தனி ஆட்சிப் பகுதியாகவே வைத்திருந்தார். கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன்: பேரரசின் வட்டாரங்களில் ஒன்றான பவேரிய வட்டாரத்தின் சபையில் ஹாக் பெயரில் ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்தது. எனக்கும் ஹாக் பெயரில்தான் ஏடு கிடைத்தது.

சுற்றியிருந்த ஹோஃப்மார்க்குகளின் கதை வேறு. அவை டியூக்குக்கு உட்பட்ட பிரபுக்களின் நிலங்கள். சில்லறை வழக்குகளைப் பிரபுவே தீர்ப்பார். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் டியூக்கின் நீதிபதிக்கு உரியது. குற்றவாளியை எல்லையில், இடுப்புக் கச்சை சுற்றியிருக்கும் அளவுக்கு மட்டும், ஒப்படைப்பார்கள். உடுத்திய துணியோடு ஆள் போவான். அவன் உடைமை பிரபுவிடமே தங்கிவிடும். ஒரே குற்றத்தின் தாள்கள் இரண்டு இடங்களில் கிடப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

குத்தகை வாங்கியவரும் வழக்கு விசாரித்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குத்தகை மடத்துக்கும் வழக்கு பிரபுவுக்கும் போன பண்ணைகள் ஏராளம்.

ஏடு கைக்கு வந்த பிறகு கையெழுத்தோடு போராட வேண்டும். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'உ' ஒலிக்கும் 'ந' ஒலிக்கும் உரிய எழுத்துகள் ஒன்றுபோலவே இருக்கும். மேலே வளைவு போட்டிருந்தால் 'உ'. விற்பவர், அவர் மனைவி, வாங்குபவர், விலை, சாட்சிகள் என்று பத்திரத்தின் வரிசை பெரும்பாலும் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாகத் தெளியும்.

ஹோஃப்மார்க் ஊர்களைத் தேடுபவர்கள் 1752ஆம் ஆண்டுப் பண்ணைப் பதிவேட்டில் தொடங்குங்கள். எந்தப் பண்ணை எந்த நீதிமன்றத்தின் கீழ், எந்த நிலக்கிழாருடையது என்று அதில் இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி நகருங்கள்.