எக்ஸ்பி கணினியில் பர்மிய எழுத்து: ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

என் மாமனார் பர்மாவின் மோல்மீனில் எட்டாவது வரை பர்மியப் பள்ளியில் படித்தவர். 1964-ல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது குடும்பத்தோடு கப்பலேறி வந்துவிட்டார். கூடப் படித்த ஒருவர் 2011-லிருந்து சில வருடம் அவருக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். அவற்றை யாரோ உரைக்கோப்புகளாகச் சேமித்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 43 கடிதம். அவர் அறையில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பெண்டியம் 4, 1 ஜிபி நினைவகம். திறந்தால் வரிவரியாக வெறும் கட்டங்கள்.

புதுக் கணினி வாங்கினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் அவருக்கு அந்தப் பெட்டிதான் பழக்கம், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

முதல் ஞாயிறு. கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், இது தெரிந்ததுதான். எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாகத் தரும் படௌக் எழுத்துருவை நிறுவினேன். கட்டங்கள் மறைந்து வட்டவட்டமாக எழுத்துகள் வந்தன. வெற்றி என்று நினைத்து மாமாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "மாப்பிள்ளை, இது பர்மா எழுத்துதான். ஆனா பர்மா பாஷை இல்லை."

கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சோதனைக்கு ஒரு சொல் எடுத்துக்கொண்டேன்: 'மிங்கலாபா'. பர்மிய வணக்கம். பாலி வழியாகப் போன நம் 'மங்கலம்'தான். இதை ஏன் எடுத்தேன் என்றால், இதில் கின்சி இருக்கிறது. 'ங' எழுத்து சுருங்கி அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறி உட்கார்வதற்குப் பெயர் கின்சி. யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் தரும் பொதுமுறையில், ங, அதத், அடுக்குக்குறி என்று மூன்று குறியெண்கள் சேர்ந்துதான் அந்தச் சின்னக் குறி. அதத் என்பது நம் புள்ளி மாதிரி, உயிரோசையைக் கொல்வது. அடுக்குக்குறி, எழுத்தை அடுத்த எழுத்தோடு அடுக்கச் சொல்வது. நோட்பேடில் போட்டுப் பார்த்தால் மூன்றும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. ஒன்றும் ஏறவில்லை.

'தண்ணீர்' என்பதற்கான சொல்லிலும் அதே கதை. அதன் எகரக் குறி நம் ஒற்றைக்கொம்பு மாதிரி எழுத்துக்கு இடப்பக்கம் வரவேண்டும். கணினிக்குள் மட்டும் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருக்கும். இங்கே பின்னாலேயே நின்றது. எக்ஸ்பியில் முதன்முதலாகத் தமிழ் யூனிகோட் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். வட்டார அமைப்புகளில் போய் 'சிக்கல் எழுத்துகளுக்கான கோப்புகள்' என்ற பெட்டியில் டிக் அடித்தால் கொம்பு தன் இடத்துக்கு ஓடிவிடும். இங்கேயும் அடித்தேன். தமிழ் நேரானது, பர்மியம் அசையவில்லை.

காரணம் தேட ஒரு வாரம் ஆனது. எழுத்துகளை அடுக்கிச் சேர்க்கும் வேலையைச் செய்வது எழுத்துரு மட்டும் இல்லை. விண்டோஸுக்குள் இருக்கும் யூனிஸ்கிரைப் என்ற பகுதியும் அந்த மொழியின் விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எக்ஸ்பி வந்தது 2001-ல். பர்மியத்துக்கு யூனிகோடில் இடம் 1999-லேயே கிடைத்துவிட்டாலும், இப்போதுள்ள ஒழுங்கு, அதாவது அதத்துக்கும் துணைமெய்களுக்கும் (மெய்யோடு ஒட்டி வரும் ய, ர, வ, ஹ குறிகள்) தனித்தனிக் குறியெண், 2008-ல் 5.1 பதிப்பில்தான் வந்தது. பிறகே நிலைபெற்ற ஒரு விதி எக்ஸ்பிக்கு எப்படித் தெரியும்? மைக்ரோசாஃப்ட் தன் சொந்தப் பர்மிய எழுத்துருவைச் சேர்த்ததே 2012-ல், விண்டோஸ் 8-ல்.

இரண்டாம் ஞாயிறு. விண்டோஸை நம்பாமல், அடுக்கும் வேலையைத் தானே செய்துகொள்ளும் மென்பொருள் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகம் அதைத்தான் செய்கிறது. எக்ஸ்பியில் ஓடக்கூடிய கடைசி ஃபயர்ஃபாக்ஸான 52 இஎஸ்ஆர் அதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். (எக்ஸ்பியை இணையத்தில் இணைக்கவில்லை. இணைக்கலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள்.) 'மிங்கலாபா'வை ஒரு சின்ன ஹெச்டிஎம்எல் கோப்பில் போட்டுத் திறந்தேன். ங ஏறி உட்கார்ந்தது. மாமா சத்தமாக வாசித்தார்.

லிப்ரே ஆபிஸும் அப்படித்தான். 5.3-லிருந்து எல்லாத் தளத்திலும் ஹார்ஃப்பஸ், எக்ஸ்பிக்குக் கடைசி 5.4. அதில் அரை மணி நேரம் வீணானது என் தப்பு. சிக்கல் எழுத்து மொழிகளுக்கென்று தனி எழுத்துரு அமைப்பு இருக்கிறது. நான் மேலே இருக்கும் சாதாரணப் பட்டியலில் படௌக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

சரி, இனி கடிதங்களைத் திறக்கலாம் என்று முதல் கடிதத்தை ஃபயர்ஃபாக்ஸில் போட்டேன். எழுத்துகள் அழகாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கி வந்தன. மாமா தலையை ஆட்டினார். "இப்போ முன்னைவிட மோசம்."

மூன்றாம் ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. விஷயம் என்னவென்றால் கடிதங்கள் யூனிகோடிலேயே இல்லை. ஸோஜி என்ற எழுத்துருவுக்காக எழுதப்பட்டவை. எக்ஸ்பி காலத்தில் அடுக்கும் வசதி இல்லாததால், பார்க்கிற வரிசையிலேயே தட்டச்சு செய்கிற மாதிரி அமைந்தது ஸோஜி. கொம்பு முதலில், எழுத்து பிறகு. அகலமான எழுத்துக்கு அகலமான வளைவு, ஒடுங்கிய எழுத்துக்கு ஒடுங்கிய வளைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். கின்சிக்கு மூன்று குறியெண் வேண்டாம், ஒன்று போதும். எந்தப் பழைய கணினியிலும் ஓடியது, நாடு முழுக்கப் பரவியது, அப்புறம் கைப்பேசிகளிலும் அதுவே ஏறி வந்தது. அதை உருவாக்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவர்கள்தானே.

ஆனால் ஒரு வித்தியாசம். பாமினிக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். பார்த்த உடனே தெரிந்துவிடும். ஸோஜி உட்கார்ந்திருப்பது பர்மியத்துக்கென்று யூனிகோட் ஒதுக்கிய அதே இடங்களில். தவறாகத் திறந்தாலும் வருவது பர்மிய எழுத்துதான். என்னைப் போல் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

எவ்வளவு குழப்பம் என்று பார்க்க 'மியன்மா' என்ற சொல்லை ஆராய்ந்தேன். இரண்டு முறையிலும் ஆறு குறியெண்கள்தான். 1039 என்ற இடம் ஸோஜியில் அதத், யூனிகோடிலோ அடுக்குக்குறி. அதற்குப் பிறகு வரும் துணைமெய்கள் எல்லாம் சரியாக ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. விளைவு, யூனிகோடில் எழுதிய 'மியன்மா'வை ஸோஜியில் திறந்தால் 'ம்வந்யமா' என்று வருகிறது. மாறித் திறந்தால் ந-வுக்குக் கீழே ம தொங்குகிறது. தன் நாட்டின் பெயரையே இப்படிப் பார்த்துக்கொண்டு அவர்கள் எத்தனை வருடம் ஓட்டினார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. அரசு முறையாக யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1.

ஸோஜி எழுத்துருவையே நிறுவிக் கடிதங்களைத் திறந்திருக்கலாம். எக்ஸ்பிக்கு அதுதான் சுலபம். ஆனால் மாமா படிக்க விரும்பும் இன்றைய செய்திகள் யூனிகோடில் இருக்கின்றன. ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்தால் தினமும் சண்டை. அதனால் கடிதங்களை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான்காம் ஞாயிறு. ராபிட் என்ற மாற்றி ஜாவாஸ்கிரிப்டில் கிடைக்கிறது. இணையம் இல்லாமலே ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஓடுகிறது. எந்தக் கோப்பு எதில் இருக்கிறது என்று பார்க்க மட்டும் நானே மூன்று விதி எழுதினேன். இடைவெளிக்கு அடுத்து நேராகக் கொம்பு வந்தால் ஸோஜி. 1039-க்குப் பிறகு மெய்யெழுத்து இல்லாவிட்டால் ஸோஜி. 1064 வந்தால் ஸோஜி. மூன்றாவது விதியில் ஓர் ஓட்டை: யூனிகோடில் அந்த இடம் கரேன் மொழியின் தொனிக்குறிக்கு உரியது. ஷான், கரேன், மோன் எழுத்துகளுக்கான இடங்களில்தான் ஸோஜி தன் கூடுதல் வடிவங்களை நிரப்பி வைத்திருந்தது. ஒரு கரேன்காரர் கடிதம் வந்தால் என் சோதனை அதைத் தவறாகப் பிடிக்கும். எங்கள் 43-ல் அப்படி எதுவும் இல்லை. 41 ஸோஜி, 2 யூனிகோட்.

பாக்கி இருப்பவை: ஜன்னலின் தலைப்புப் பட்டையிலும் கோப்புப் பெயர்களிலும் இன்னும் கட்டம்தான், அவற்றை வரைவது எக்ஸ்பியே. கோப்புப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவிட்டேன். பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை என்பதால் சில வரிகள் பாதியிலேயே முடிந்து அடுத்த வரிக்குத் தாவுகின்றன. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. வரி இடைவெளியை மட்டும் இரண்டாக்கச் சொன்னார், அடுக்கெழுத்தின் கால் வெட்டுப்படுகிறதாம்.

ஐந்தாம் ஞாயிறு. மாமா ஒரு கடிதத்தில் மூன்று இடத்தைச் சுட்டிக்காட்டி, "இங்கே ய-யிட் வரணும், ய-பின் வந்திருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ய-யிட் என்பது ர-வின் துணைமெய், ய-பின் ய-வினுடையது. ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கும் அதே இரண்டு குறிகள்! ஸோஜியின் ய-யிட் இடமே யூனிகோடின் ய-பின். மாற்றி எங்கோ தவறவிடுகிறது என்று நிச்சயமாக நம்பி, மூலக் கோப்பை எண் எண்ணாகப் பிரித்து, ராத்திரி பதினொரு மணி வரை விதிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே மாறியிருந்தன. மூலத்திலேயே ய-பின்தான்.

காலையில் மாமாவிடம் சொன்னேன். இரண்டுக்கும் இப்போது ஒரே உச்சரிப்பாம், நம் ர-கர ற-கரக் குழப்பம்போல் நிறையப் பேர் மாற்றி எழுதுவார்களாம்.

"அவனா? அவன் அஞ்சாவதுலேயே அதுக்குத்தானே அடி வாங்கினான்" என்றார்.