தேவையான அளவு

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் நான் வேலை பார்க்கும் இனிப்புக் கடையில் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. கடைக்கார அம்மாவின் மாமியார் எழுதியது. பன்றிக்கொழுப்புக் கறை ஏறிப் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. கன்னோலி என்பது ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியை உள்ளே நிரப்பிய, குழாய் வடிவில் பொரித்த மாவு ஓடு. அதற்கான பக்கத்தில் மாவுக்கு மட்டும் 1 கிலோ என்று அளவு இருக்கிறது. மார்சாலா வைனுக்கும் வினாகிரிக்கும் நேரே ‘குவான்டோ பஸ்தா’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. தேவையான அளவு என்று பொருள். சேர்ந்த முதல் வாரமே அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தேன். பொரித்த ஓடுகள் கல்லாக வந்தன.

மறுநாள் அதைச் சொன்னபோது சிஞ்ஞோரா (கடைக்கார அம்மாவை இப்படித்தான் அழைப்பேன்) என் கையைப் பிடித்து, தான் குழைத்துக்கொண்டிருந்த மாவுக்குள் அழுத்தினார். “இப்போது உன் காது மடலைத் தொட்டுப் பார். இந்த மென்மை வந்ததும் நிறுத்திவிட வேண்டும்” என்றார். யாழ்ப்பாணத்தில் அம்மாவும் பலகாரத்துக்கு மா குழைக்கும்போது அளவு சொன்னதில்லை. கைக்குத் தெரியும் என்பார். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வரும் சூடான ஷிரோக்கோ காற்று வீசும் நாளில் மாவு வைனைக் கூடுதலாகக் குடிக்கும், மழை நாளில் குறைவாகக் குடிக்கும். கொப்பியில் இதை எப்படி எழுதுவது?

கன்னோலி என்ற பெயர் நாணலைக் குறிக்கும் ‘கன்னா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மெல்லிசாகத் தேய்த்த மாவு வட்டத்தை நாணல் துண்டில் சுற்றி, விளிம்பை முட்டை வெள்ளையால் ஒட்டி, துண்டோடு சேர்த்தே பொரிப்பார்கள். இப்போது பெரும்பாலானோர் உலோகக் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்; எங்கள் கடையிலும் அன்றாட வேலைக்கு அவைதான். ஆனால் அலமாரியில் துணி சுற்றிய 24 நாணல் துண்டுகள் இருக்கின்றன. ஆண்டாண்டாகக் கொழுப்பில் மூழ்கிக் கறுத்து, கையில் எடுத்தால் வழவழவென்றிருக்கும். தவக்காலத்துக்கு முன் வரும் கொண்டாட்டமான கார்னிவல் நாள்களில் மட்டும் சிஞ்ஞோரா அவற்றை வெளியே எடுப்பார். முன்பு கன்னோலி அந்த நாள்களுக்கே உரிய இனிப்பு. செம்மறி ஆடுகள் பச்சைப் புல் மேய்ந்து நன்றாகப் பால் கொடுக்கும் காலமும் அதுதான். உள்ளே வைக்கும் ரிக்கோட்டா செம்மறி ஆட்டுப்பாலில் செய்ததாக இருக்க வேண்டும். மாட்டுப்பால் ரிக்கோட்டாவில் அந்த மணம் வராது. இதில் நான் சிஞ்ஞோராவைவிடப் பிடிவாதக்காரி.

பொரிக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது. மாவு கொதிக்கும் கொழுப்பில் இறங்கியதும் உள்ளே இருக்கும் வைன் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். அப்போது மேல்தோல் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும். பாதாம் தோலின் நிறம் வந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். கொப்புளம் எழாத ஓட்டை விற்பனைக்கு வைக்க சிஞ்ஞோரா விடமாட்டார்.

பலேர்மோவில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு உறவினர் வீடு செல்பவர்கள் ஒரு தட்டு இனிப்பைக் காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி எடுத்துப்போவார்கள். சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு ஞாயிறன்று, கூட்டம் வருமுன் வேலையை முடித்துவிடலாம் என்று 60 ஓடுகளிலும் ரிக்கோட்டாவை நிரப்பி அடுக்கிவிட்டேன். சிஞ்ஞோரா வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து என் காதருகே வைத்து அழுத்தினார். சத்தமே வரவில்லை. பிறகு நிரப்பாத ஓடு ஒன்றை அதே காதருகே நொறுக்கினார். காய்ந்த சருகை மிதித்ததுபோல் கேட்டது. வேறு எதுவும் சொல்லாமல் வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அடுப்பை மறுபடியும் மூட்டினார். அன்றிலிருந்து, ஆள் வந்து கேட்ட பிறகுதான் நிரப்புகிறேன், வரிசை வாசலைத் தாண்டினாலும்.

வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் என்று இந்த ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதை ரத்த உறவு என்றே நினைத்திருந்தேன். பெல்லினி சதுக்கத்தில் சாந்தா காதரீனா மடம் இருக்கிறது. 2014 வரை அங்கே கன்னியாஸ்திரிகள் வாழ்ந்தார்கள். பலேர்மோவின் பேர்பெற்ற இனிப்புகள் பல இத்தகைய மடங்களின் அடுப்பில் உருவானவை. பிள்ளை பெறாத அந்தப் பெண்கள், பக்கத்தில் வந்து நின்ற இளைய கன்னியாஸ்திரிக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவ்வளவு காலம் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. இதை அறிந்த பிறகு மாவின் முன் நிற்கையில் நான் அந்நியள் என்ற எண்ணம் எனக்கு வருவதில்லை.

சிஞ்ஞோராவின் பேத்தி மிலானில் வேலை பார்க்கிறாள். சென்ற கார்னிவலின்போது சிஞ்ஞோரா அந்த 24 துண்டுகளையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணி இரண்டு பங்காக வைத்தார். 12 பேத்திக்கு, 12 எனக்கு. வாங்கிக்கொள்ளத் தயங்கினேன். “உன் கைக்குப் பழகிய துண்டுகள்” என்று சொல்லி என் பையில் அவரே வைத்தார்.

போன வாரம் இரவு பேத்தி வீடியோவில் அழைத்தாள். அவள் என்னை ‘ட்சீயா’ என்றுதான் கூப்பிடுவாள், நம் ஊரில் சின்னம்மா என்பதுபோல. பொரித்த ஓடுகள் நாணலிலிருந்து கழன்று வரவில்லை, உடைகின்றன என்று அழாத குறையாகச் சொன்னாள். ஒரு துண்டைத் திரைக்கு அருகில் காட்டச் சொன்னேன். விளிம்பு ஒட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. “முட்டை வெள்ளை நாணலில் பட்டிருக்கிறது, பிள்ளை. விரல் நுனியால் மட்டும் தொட்டுத் தடவு. இப்போது ஒன்று சுற்று, நான் பார்க்கிறேன்” என்றேன்.