என் வாய்க்குக் காவல்

சிங்கப்பூரில், தெங்காவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒரு சைட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். 2022 அக்டோபர். காலை ஏழரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற கூட்டம். நாற்பது பேர் ஹெல்மெட்டோடு நிற்பார்கள். லாரியில் விட்ட தூக்கம் இன்னும் கண்ணில் இருக்கும்.

அன்று நான் பேசி முடித்ததும் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. “அண்ணே, மூணு மீட்டருக்கு மேலன்னா பெர்மிட் வேணும்கிறீங்க. அத எங்கேருந்துண்ணே அளக்குறது?”

நல்ல கேள்வி. நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் விழ வாய்ப்பிருக்கிறதோ அதுதான் கணக்கு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. “கோர்ஸ் முடிச்சுட்டுத்தானே வந்த? மண்டையில என்ன களிமண்ணா? காலங்காத்தால உயிர எடுக்காத.” சிலர் சிரித்தார்கள். அவன் கையை இறக்கிக்கொண்டான்.

அப்போது எல்லாருக்குமே நெருக்கடி. வேலையிட மரணங்கள் கூடியதால் மனிதவள அமைச்சு செப்டம்பர் 1 முதல் உயர் பாதுகாப்புக் காலகட்டத்தை அறிவித்திருந்தது. அந்த ஆண்டு மொத்தம் 46 பேர் இறந்தார்கள். மேலிடத்தில் என்னைக் கேட்டார்கள், நான் கீழே இருந்தவன்மேல் இறக்கிவைத்தேன். காரணம் இருந்தது, நியாயம் இல்லை.

நான்கு நாள் கழித்துச் சாரத்தில் ஏறினேன். ஓரத் தடுப்புக் குழாயைப் பிடித்ததும் அது என் கையோடு வந்தது. கிளாம்ப் கழன்று, நட்டு இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன் அதே பையன்.

“இது எப்போலேருந்து இப்படி?”

“முந்தாநாளே ஆடுச்சுண்ணே.”

“ஏன்டா சொல்லல?”

கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். “வைவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

சாரத்தை ஏழு நாளுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் அங்கே கண்ணும் வாயும் அதில் ஏறி வேலை செய்கிறவர்கள்தான். அந்த வாயை நான் அடைத்துவைத்திருந்தேன். உடனே வேலையை நிறுத்தி, சாரக்காரர்களை வரவழைத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு நன்றி.

அந்த ஞாயிறு ஆராதனையில் என்னால் பாட முடியவில்லை. “துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது” என்று வேதத்தில் யாக்கோபு எழுதியது என்னை உட்கார வைத்துவிட்டது. அதுவரை நான் கெட்ட வார்த்தை பேசாதவன் என்று நினைத்திருந்தேன். சைட்டில் எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிற வசவுகள் என் வாயில் வராது. அதையே சாட்சி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கெட்ட வார்த்தை வேண்டாம் என்கிற எபேசியர் 4:29 அதோடு நிற்பதில்லை. கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசச் சொல்கிறது. அளவுகோல் என் வாயில் இல்லை, அவன் காதில் இருக்கிறது. களிமண் என்பது கெட்ட வார்த்தையா? அகராதியில் இல்லை. அந்தப் பையனுக்கு அதுதான் கெட்ட வார்த்தை.

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவமானப்படுத்தியது நாற்பது பேர் முன்னால். திங்கட்கிழமை அதே இடத்தில் நின்று, “தம்பி கேட்டது சரியான கேள்வி, நான் பேசினது தப்பு, என்ன மன்னிச்சுடுப்பா” என்றேன். அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் கேள்விக்குப் பதில் சொன்னேன். இன்னும் இரண்டு பேருக்கு அதே சந்தேகம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கனிவாகப் பேசுவதென்றால் குழைந்து பேசுவதல்ல. பெல்ட் மாட்டாமல் விளிம்பில் நிற்கிறவனைப் பார்த்து மெல்லப் பேசினால் அது அன்பாகாது, “டேய், நில்லு!” என்று கத்தத்தான் வேண்டும், இன்றும் கத்துகிறேன். அவன் இறங்கி வந்த பிறகு என்ன பேசுகிறேன் என்பதில்தான் எனக்குச் சோதனை. அவன் செய்ததைப் பற்றிப் பேசலாம். அவன் படிப்பை, ஊரை, பெற்றவர்களை இழுக்கக் கூடாது. கோபமாக இருக்கும்போது குரல்பதிவு அனுப்புவதையும் விட்டுவிட்டேன். டார்மெட்ரியில் பத்துப் பேர் நடுவில் அது ஒலிக்கும்.

ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த 141ஆம் சங்கீத வசனம் ஒன்று உண்டு: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.” இப்போது சைட் கேட்டில் கார்டைத் தட்டும்போது தினமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சில நாள் பத்து மணிக்குள் மறந்தும் போகிறது. அப்போது போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தப் பையன் உடனே சகஜமாகிவிடவில்லை. ஒரு மாதம் போல, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். டிசம்பரில் ஒரு மழை நாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஈரச் சட்டையோடு வந்து போனை நீட்டினான். சாரத்துப் பலகை ஒன்று விரிசல் விட்டிருந்த படம்.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்கண்ணே.”

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அவனோடு நடந்தேன்.