பின்சக்கரச் சூடு

மார்ச் 3
நிலக்கோட்டையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியின் பிரேக் லைனர் (டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பட்டை) கருகும் வாடை அடித்தது. இறங்கித் தண்ணீர் தெளித்தபோது இடது பின்சக்கர டிரம்மில் சொட்டுகள் சுர்ரென்று ஆவியாயின. வலதிலும் கை வைத்து இரண்டு எண்ண முடியவில்லை.

மார்ச் 4
ஹேண்ட் பிரேக் கேபிள்தான் என்று மெக்கானிக் சாதித்தார். கேபிளைத் தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றிச் சுற்றியபோது சக்கரம் நன்றாகவே சுற்றியது. பிரேக்கை மூன்று முறை மிதித்துவிட்டு மறுபடி சுற்றச் சொன்னேன். இரு கைகளாலும் அசைக்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், யாரும் எதையும் தொடாமலே சக்கரம் விட்டிருந்தது. கேபிள் என்றால் அதற்குள் அதற்கு ஏன் மனம் மாற வேண்டும்?

மார்ச் 5
லைனரும் அதைத் திரும்ப இழுக்கும் ரிட்டன் ஸ்பிரிங்குகளும் புதிதாகப் போட்டும் சூடு குறையவில்லை.

மார்ச் 6
ஒன்பதாம் தேதி கொடைக்கானல் லோடு. ஏறுவதில் பயமில்லை, இறங்குவதுதான். புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்கும் டாட் 3 பிரேக் ஆயில், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மைத்துனர் விற்றுவிடச் சொல்கிறார். வாங்குகிறவனுக்கு மட்டும் மலை இருக்காதா?

மார்ச் 7
சக்கரம் இறுகியிருக்கும்போதே ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் அந்தக் கணமே விட்டது. மறுபடி மிதித்து இறுகவைத்து, இரும்புக் குழாய் பின் ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தைத் தளர்த்தினோம், சக்கரம் விடவில்லை. ஆகவே, அழுத்தம் சிக்கிக்கொள்வது இரண்டு பின்சக்கரங்களுக்கும் பொதுவான அந்த ஒரே ஹோஸில்தான். கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. உள்ரப்பர் ஊறி வீங்கி, தையல் ஊசி நுழையும் அளவுக்கே வழி விட்டிருந்தது. மிதிக்கும் காலின் பலம் ஆயிலை அதன் வழியே தள்ளிவிடுகிறது; அதைத் திருப்பி அனுப்ப ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை. மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 8
புது ஹோஸ் மாட்டி, புது ஆயில் ஊற்றி, குழாயில் புகுந்த ஏரை எடுத்து, 20 கிலோமீட்டர் ஓட்டினேன். வலது டிரம் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. இடதில் எட்டுவரை எண்ண முடிந்தது. ஒன்பதில் கையை எடுத்துவிட்டேன். லைனரை டிரம்மை நோக்கித் தள்ளும் வீல் சிலிண்டரும் ஒட்டுகிறதோ?

மார்ச் 9
அதிகாலை நான்கு மணி, லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும், இடது டிரம்மில் கை வைத்து இருபதுவரை எண்ணினேன்.