எந்த விபிஎன் வாங்கலாம்?

(தோழியின் சம்மதத்தோடும், அவள் பத்திரமாக வெளியே வந்த பிறகும்தான் இவற்றைப் பதிவிடுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஜூன் 3

“நல்ல விபிஎன் எதுடி? காசு கட்டியாவது வாங்கிக்கிறேன்” என்று கேட்டாள். யாருக்குப் பயந்து என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள். எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் இவள் சொல்லாமலே கணவருக்குத் தெரிகிறதாம்.

விபிஎன் என்பது நம் இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்தின் வழியே அனுப்பும் சேவை. இதற்கு அது உதவாது. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து அது மறைக்கும். அதே விவரம் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகும். போனின் பூட்டைத் திறக்கும் எண்ணே (PIN) தெரிந்தவரிடமிருந்து எதையும் மறைக்காது.

ஜூன் 5

எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பின் தற்காப்புக் கையேடு, கருவிகளைச் சொல்வதற்கு முன் கேள்விகள் கேட்கிறது. எதைக் காக்க வேண்டும், யாரிடமிருந்து, தவறினால் என்ன ஆகும், எவ்வளவு சிரமப்படத் தயார்? எனக்கு விளம்பரக்காரர்கள்தான் தொல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போதும். அவளுடைய பதில்கள் வேறு, அதனால் கருவிகளும் வேறு.

ஜூன் 8

வீட்டுக்கு வந்தாள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தைத் திறந்தால், அவளுக்குத் தெரியாத ஒரு கணினி. கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் உடனே அணைக்கத்தான் கை போனது. ஆனால் அணைத்தால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும், இன்று ராத்திரி அவள் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். படம் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டோம், என் போனில்.

வாட்ஸ்அப்புக்குப் பதில் சிக்னல் என்ற செய்திச் செயலியைப் போடலாமா என்றாள். சிக்னல் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 2016இல் பயனர் விவரம் கேட்டு அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் அவள் போனில் புதிதாக ஒரு செயலி தென்பட்டாலே கேள்வி வரும். தானாக மறையும் செய்தி வசதியும் அவளுக்கு ஆகாது. அவர் அனுப்பும் மிரட்டல்கள் அழியாமல் இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனு போடும்போது அவைதான் சாட்சி.

பெண்கள் உதவி எண் 181க்கு என் போனிலிருந்தே பேசினாள்.

ஜூன் 15

என் கணினியில் அவளுக்குப் புது மின்னஞ்சல். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்க முடியாது. சிம் அவர் பெயரில் இருக்கிறது, நினைத்தால் மாற்று சிம் வாங்கிவிடலாம். அதனால் கூகுள் தரும் பத்து காப்புக் குறியீடுகளைத் தாளில் அச்செடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்தோம். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். தாள் தொலைந்தால் ஆபத்துதான், ஆனாலும் இவளுடைய நிலையில் கடவுச்சொல் பெட்டகச் செயலியைவிட இதைத்தான் நம்புகிறேன்.

ஜூன் 19

என் அம்மாவிடம் லாட்ஜில் ஆதார் நகல் கேட்டார்களாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுத்தேன். அம்மாவுக்கு இப்போதைக்கு இது போதும்.

ஜூன் 28

தோழி தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரங்களையெல்லாம் நகலெடுத்த பிறகு போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தோம். பழைய காப்புப்பிரதியை ஏற்றவில்லை. உளவுச் செயலி ஏதாவது ஒளிந்திருந்தால், அதோடு அதுவும் திரும்பி வரலாம். அவள் பெயரிலேயே புது சிம். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவள் பெயரில் வேறு எண்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்தோம். இப்போது சிக்னல் போட்டுக் கொடுத்தேன், வக்கீலோடு பேச.

நாளை வங்கிக்குப் போகிறோம். கணக்கில் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது.